சும்மா கிடைக்கும் மென்பொருளுக்கு சப்போர்ட் கட்டணம் வாங்கலாமா?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது. திறந்த மூல மென்பொருள் (மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு வருவது) ஒன்றைச் சிறு அலுவலகங்களுக்கு நிறுவித் தருகிறார். நிறுவிய பிறகு வரும் சிக்கல்களையும் இத்தனை நாள் சும்மாவே தீர்த்து வந்திருக்கிறார். இப்போது மாதக் கட்டணம் கேட்கலாம் என்று நினைக்கிறார். “இணையத்தில் சும்மா கிடைப்பதற்கு எதற்குப் பணம்?” என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். “நீ எழுதாத மென்பொருளை வைத்து நீ சம்பாதிப்பதா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உரிமம் இடம் கொடுக்கிறதா, இது நியாயம்தானா, வாங்குவதானால் எப்படி வாங்குவது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

முதலாவதற்குப் பதில் எளிது. தாராளமாக வாங்கலாம். சந்து பொந்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அனுமதி இல்லை இது, உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. திறந்த மூல மென்பொருள்களில் பரவலாகப் பயன்படும் குனு பொது உரிமத்தின் 1991-இல் வந்த இரண்டாம் பதிப்பு, பிரதியைக் கையளிக்கும் வேலைக்குக் கட்டணம் வாங்கலாம், விரும்பினால் உத்தரவாதத்தையும் கட்டணத்துக்குத் தரலாம் என்கிறது. 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பு இன்னும் பட்டவர்த்தனம்: பிரதிக்கு எந்த விலையும் வைக்கலாம், விலையே இல்லாமலும் தரலாம், சப்போர்ட்டையோ உத்தரவாதத்தையோ கட்டணத்துக்கு வழங்கலாம். 1998-இல் உருவான திறந்த மூல வரையறையின் முதல் நிபந்தனையே, மென்பொருளை விற்பதிலிருந்து யாரையும் உரிமம் தடுக்கக் கூடாது என்பதுதான். அதனால் “வணிகப் பயன்பாடு கூடாது” என்று ஓர் உரிமம் சொன்னால், மூலநிரல் கண்ணுக்குத் தெரிந்தாலும் அது திறந்த மூலம் ஆகாது.

எம்ஐடி, பிஎஸ்டி என்ற, நிபந்தனை குறைந்த திறந்த மூல உரிமங்கள் சப்போர்ட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசவில்லை என்றால் தடையில்லை என்று பொருள். இதே வகையில் அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பு மட்டும் பேசுகிறது, அதுவும் நன்றாகப் பேசுகிறது. அதன் ஒன்பதாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மென்பொருளை மறுபகிர்வு செய்பவர் சப்போர்ட், உத்தரவாதம், இழப்பீட்டுப் பொறுப்பு ஆகியவற்றைக் கட்டணத்துக்கு ஏற்கலாம். ஆனால் அதைத் தன் பெயரில், தன் சொந்தப் பொறுப்பில் மட்டுமே செய்யலாம், நிரலுக்குப் பங்களித்த மற்றவர்கள் சார்பில் செய்ய முடியாது. அவர் ஏற்ற பொறுப்பினால் அந்தப் பங்களிப்பாளர்களுக்கு ஏதாவது வம்பு வந்தால், அதையும் அவரே சுமக்க வேண்டும். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பாதிப் பதில் இந்த ஒரு பிரிவிலேயே இருப்பதாக நினைக்கிறேன். காசு வாங்குவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வாக்கு யாருடையதோ சுமையும் அவருடையது.

உரிமம் தொடர்பாக இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். நீங்கள் நிறுவும் பதிப்பு இன்னும் திறந்த மூலம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மோங்கோடிபி என்ற தரவுத்தளம் 2018-இல் திறந்த மூலம் அல்லாத உரிமத்துக்கு மாறியது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் 2021-இலும், சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்ம் 2023-இலும், ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024-இலும் அப்படியே மாறின. இவற்றில் சில பின்னால் திறந்த உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்துக்கொண்டன. இந்த மாற்றங்களின் குறி பெரும்பாலும் அதே மென்பொருளை மேகச் சேவையாக (தங்கள் சர்வர்களில் ஓட்டி, இணையம் வழியாக) விற்கும் பெரிய நிறுவனங்கள்தான். வாடிக்கையாளரின் சொந்தக் கணினியில் நிறுவிப் பார்த்துக்கொள்பவருக்கு வழக்கமாகச் சிக்கல் வராது. ஆனாலும் உரிமக் கோப்பைத் திறந்து ஒருமுறை படித்துவிடுவது நல்லது. இரண்டாவது, பெயர். மூலநிரலுக்கான உரிமம் வணிகப் பெயரையும் சின்னத்தையும் சேர்த்துத் தருவதில்லை. மாற்றங்கள் செய்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு அந்தப் பெயரையே வைப்பதில் அதை உருவாக்கும் மொசில்லாவோடு உடன்பாடு வராமல், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் 2006 முதல் 2016 வரை அதை ஐஸ்வீசல் என்ற பெயரில் வழங்கியது. டெபியனுக்கே அந்தக் கதி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்? “இந்த மென்பொருளுக்கு சப்போர்ட் தருகிறோம்” என்று சொல்வதில் தவறில்லை. “அதிகாரப்பூர்வ சப்போர்ட்” என்று போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, சும்மா கிடைப்பதற்கு எதற்குப் பணம் என்பவருக்கு என்ன பதில்? அவர் கையில் இருக்கும் உரிமத்தின் கடைசிப் பகுதியைக் காட்டுங்கள். பெரும்பாலும் பெரிய எழுத்துகளில் அச்சடித்திருக்கும்: இந்த மென்பொருள் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது, வேலை செய்யாவிட்டால் சரிசெய்யும் செலவு உங்களுடையது. மென்பொருளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கையேட்டையும் இறக்கிக்கொள்ளலாம். மாதக் கடைசியில் ரசீது போட முடியாமல் ஆட்கள் காத்து நிற்கும்போது போனை எடுக்க ஒருவர் இருக்கிறார் என்ற உறுதியை மட்டும் எங்கிருந்தும் இறக்க முடியாது. கேட்கிற கட்டணம் அந்த உறுதிக்கு. இதைச் சொல்லியும் ஒருவர் “எனக்கு அந்த உறுதி வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன்” என்றால் அவர் சொல்வதும் நியாயம்தான். விட்டுவிடுங்கள். அவரைப் பயமுறுத்தி ஒப்பந்தம் போடுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பு நிரலை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். அதே நிரலை வலையமைப்பு வழியாக யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், அந்த வசதி இல்லாதவர்கள் டேப்புக்குப் பணம் கொடுத்தார்கள். அதே ஆண்டு வெளியான குனு அறிக்கையில், மென்பொருளைச் சும்மா பெற்றவர்களுக்குச் சேவையை மட்டும் விற்கும் நிறுவனங்கள் லாபத்தோடு நடக்கலாம் என்று எழுதியிருந்தார். அதைத் தொழில் திட்டமாகவே படித்தவர் மைக்கேல் டீமன். 1989-இல் ஜான் கில்மோர், டேவிட் ஹென்கல்-வாலஸ் ஆகியோருடன் சேர்ந்து சிக்னஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். ஜிசிசி கம்பைலருக்கும் (எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றுவது) ஜிடிபி டீபக்கருக்கும் (நிரலில் பிழை தேட உதவுவது) காசுக்கு சப்போர்ட் தருவதுதான் வேலை. புதிய சிப் தயாரிப்பவர்களுக்கு அதற்கேற்ற கம்பைலர் தேவைப்பட்டது. அதை எழுதித் தந்தார்கள், எழுதியதைப் பொதுவிலும் விட்டார்கள். 1999-இல் ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனம் சிக்னஸை வாங்குவதாக அறிவித்தது. வாடிக்கையாளர் கொடுத்த பணத்தில் நடந்த வேலை இன்று எல்லோரும் பயன்படுத்தும் கம்பைலருக்குள் இருக்கிறது. சப்போர்ட் கட்டணம் என்றால் பொதுச் சொத்தைச் சுரண்டுவது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கதையையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நண்பர்களின் கேள்வி. எழுதாதவர் சம்பாதிக்கலாமா? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதலாளி என்று ஒரு நிறுவனம் கிடையாது. சப்போர்ட் தரும் நிறுவனங்களின் பட்டியலை அந்தத் திட்டமே தன் தளத்தில் வைத்திருக்கிறது. டெபியனும் நாடு வாரியாக ஆலோசகர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. இதில் இருப்பவர்கள் எல்லோரும் நிரல் எழுதியவர்களா என்று யாரும் கேட்பதில்லை. எழுதியவர் எல்லா அலுவலகங்களுக்கும் வந்து நிறுவிக் கொடுக்க முடியாது, அவருக்கு அதில் விருப்பமும் இருக்காது. உங்களைப் போன்ற ஒருவர் இல்லாவிட்டால் அந்த மென்பொருள் அந்த அலுவலகங்களுக்குள் நுழைந்தே இருக்காது. ஆகவே உங்கள் உழைப்புக்குக் கூலி வாங்குவதில் எந்த அநியாயமும் இல்லை.

ஆனால் நண்பர்கள் கேட்பதற்குள் வேறொரு நியாயமான உறுத்தல் ஒளிந்திருக்கிறது. சப்போர்ட் பணம் தானாக நிரல் எழுதியவரிடம் போய்ச் சேராது. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோதுதான் உலகம் ஒரு விஷயத்தைக் கவனித்தது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது ஆண்டுக்கு 2,000 டாலர் அளவுதான். முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். திட்டத்தை ஓட்டியது ஒப்பந்த வேலைகளில் வந்த வருமானம். அந்த நிரலை உள்ளே வைத்துப் பொருள்களை விற்றவர்களும், அந்தப் பொருள்களுக்கு சப்போர்ட் விற்றவர்களும் நன்றாகவே சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

இதே கதையின் இன்னொரு முகம் கர்ல், இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் நிரல். டேனியல் ஸ்டென்பர்க் 1990-களிலிருந்து அதைப் பராமரித்து வருகிறார். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற வேறொரு நிரலில் பெரிய ஓட்டை வெளியானது. அடுத்த மாதம் ஒரு பெரிய நிறுவனம் ஸ்டென்பர்க்குக்கு மின்னஞ்சல் அனுப்பியது. உங்கள் மென்பொருளில் இந்தப் பாதிப்பு உண்டா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், 24 மணி நேரத்துக்குள் பதில் தேவை என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். அந்த நிறுவனம் அவருக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. கர்லுக்கும் லாக்4ஜே-க்கும் சம்பந்தமும் இல்லை. சப்போர்ட் ஒப்பந்தம் போட்டவுடன் எல்லாக் கேள்விகளுக்கும் மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறேன் என்று எழுதினார். அந்தப் பதிலில் கோபம் இல்லை, நக்கலும் அதிகம் இல்லை. உறவு என்ன என்பதைச் சரியாகச் சொன்ன பதில் அது. இலவசமாகக் கொடுத்தது நிரல், 24 மணி நேரத்தில் பதில் வேண்டுமென்றால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? நன்கொடை கொடுக்கலாம், நல்லது. அதைவிட முக்கியமாக, வாடிக்கையாளரிடம் கண்டுபிடித்த வழுவை (நிரலில் உள்ள பிழையை) முழு விவரத்தோடு மூலத் திட்டத்துக்கு, அதாவது மென்பொருளை எழுதிப் பராமரிக்கும் குழுவுக்கு, தெரிவியுங்கள். எப்படிச் செய்தால் வழு திரும்ப வருகிறது என்பதை எழுதிக் கொடுங்கள். சரிசெய்யத் தெரிந்தால் சரிசெய்து அந்தத் திருத்தத்தை, அதாவது பேட்சை, அனுப்புங்கள். இதில் உங்கள் சுயநலமும் உண்டு. உங்களிடம் மட்டும் இருக்கும் பேட்ச் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மறுபடி ஒட்டவேண்டிய தலைவலி. மூலத் திட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டால் அதன் பிறகு பராமரிப்பது உங்கள் வேலை இல்லை. செய்யக் கூடாதது ஒன்று உண்டு: வாடிக்கையாளர் உங்களுக்குப் பணம் கட்டியிருக்கிறார் என்பதற்காக, பணம் வாங்காத பராமரிப்பாளரிடம் போய் “என் கஸ்டமர் காத்திருக்கிறார், அவசரம்” என்று நெருக்குவது. உங்கள் வாக்கை இன்னொருவர் உழைப்பில் காப்பாற்ற நினைப்பதுதான் உண்மையான சுரண்டல். அப்பாச்சி உரிமத்தின் அந்தப் பிரிவு மறுபகிர்வுக்கு எழுதப்பட்டது என்றாலும், அதில் உள்ள நியாயம் எந்த உரிமத்துக்கும் பொருந்தும்.

அடுத்தது எப்படி வாங்குவது. பலர் எவ்வளவு என்பதில் ஆரம்பிக்கிறார்கள். எதற்கு என்பதை முதலில் முடிவு செய்தால் எவ்வளவு என்பது கொஞ்சம் தானாக வரும்.

மணிக்கணக்கில் வாங்குவது எளிது, வாடிக்கையாளருக்கும் புரியும். அதில் ஒரு வினோதம் இருக்கிறது. முதல் தடவை ஒரு சிக்கலைத் தீர்க்க அரை நாள் ஆகும். அதே சிக்கல் பத்தாவது ஆளிடம் வரும்போது பத்து நிமிடத்தில் முடியும். திறமை கூடக் கூட வருமானம் குறையும் என்றால் அது சரியான அளவுகோலா? ஆகவே மணிக்கணக்கை நிறுவுதல், பழைய தரவை மாற்றித் தருதல், பயிற்சி கொடுத்தல் போன்ற எல்லை தெரிந்த வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழுதுக்கு ஒருமுறை இவ்வளவு என்று வாங்குவதும் உண்டு. அதில் எனக்குப் பிடிக்காத அம்சம், வாடிக்கையாளர் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்துச் சின்ன சிக்கலைச் சொல்லாமல் விடுவார், அது முற்றி நடுராத்திரியில் உங்களிடம் வரும். தவிர, பழுது அதிகமானால் உங்களுக்கு வருமானம் அதிகம். அந்த ஏற்பாட்டில் நல்ல வேலை செய்வதற்குத் தூண்டுதல் எங்கே?

மாதக் கட்டணம் அல்லது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இந்தக் கோணலை நிமிர்த்துகிறது. பழுதே வராவிட்டால் உங்களுக்கு லாபம், அவருக்கும் லாபம். பேக்கப்பை ஒழுங்காகப் பார்ப்பீர்கள், அப்டேட்டைத் தள்ளிப்போட மாட்டீர்கள். ஆனால் இதற்கும் ஒரு சங்கடம் உண்டு. மூன்று மாதம் எந்தப் பழுதும் வராவிட்டால் “சும்மா இருப்பதற்கா பணம் கொடுக்கிறோம்?” என்று கேட்பார்கள். அதற்கு மருந்து ஒவ்வொரு மாதமும் அரைப் பக்கம் எழுதி அனுப்புவது. எந்தப் பாதுகாப்பு அப்டேட் போட்டீர்கள், பேக்கப்பை எந்தத் தேதியில் மீட்டெடுத்துச் சோதித்தீர்கள், சர்வரில் இடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது. செய்த வேலை கண்ணுக்குத் தெரியாவிட்டால் செய்யாத வேலைதான். (பேக்கப்பை மீட்டெடுத்துப் பார்க்காமல் “பேக்கப் இருக்கிறது” என்று எழுதுபவர்களைப் பற்றி இங்கே எதுவும் சொல்லாமல் விடுகிறேன்.)

ஒப்பந்தத்தில் மிகக் கவனமாக எழுத வேண்டிய இடம் பதில் நேரமும் தீர்வு நேரமும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். வேலை நேரத்தில் நான்கு மணி நேரத்துக்குள் பதில் சொல்வேன் என்று வாக்குக் கொடுக்கலாம், அது உங்கள் கையில் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குள் சரிசெய்து தருவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வழு மூலநிரலில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகலாம். பராமரிப்பாளர் உங்கள் பேட்சை ஏற்காமலும் போகலாம், அது அவர் உரிமை. அதனால் இப்படி எழுதலாம்: அமைப்பில், நிறுவலில், பேக்கப்பில் வரும் சிக்கலைச் சரிசெய்வது என் பொறுப்பு. மென்பொருளின் மூலநிரலிலேயே வழு இருந்தால், வேலை நின்றுவிடாமல் மாற்று வழி செய்து தருவதும், தேவைப்பட்டால் பழைய பதிப்புக்குத் திருப்பிக் கொண்டுபோவதும், வழுவைத் திட்டத்துக்குத் தெரிவிப்பதும் என் பொறுப்பு. நிரலையே திருத்தச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம்.

எந்தப் பதிப்புகளுக்கு சப்போர்ட் என்பதையும் எழுதுங்கள். இது அற்பமாகத் தெரியும், ஆனால் இந்தத் தொழிலில் பெரிய பணம் இருக்கும் இடமே இதுதான். அலுவலகங்களுக்குப் புதுப் பதிப்பு பிடிக்காது, பழகியது மாறக் கூடாது. மூலத் திட்டமோ பழைய பதிப்பைச் சில ஆண்டுகளில் கைவிட்டுவிடும். புதிய பதிப்பில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை எடுத்துப் பழைய பதிப்புக்குப் பொருத்துவது நுணுக்கமான, சலிப்பான வேலை. யாரும் பொழுதுபோக்குக்காக அதைச் செய்வதில்லை. ரெட் ஹேட் தன் நிறுவனப் பதிப்புகளைப் பத்து ஆண்டுகள் பராமரிக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டு சும்மா, அதற்குமேல் வேண்டுமானால் சந்தா. டெபியனின் பழைய பதிப்புகளை நீட்டித்துப் பராமரிக்கும் வேலை 2014-இலிருந்து நடக்கிறது, நிறுவனங்கள் பணம் போட்டு அதற்குரிய ஆட்களுக்குக் கூலி கொடுக்கின்றன. தனி ஆளான உங்களால் இதைச் செய்ய முடியாது. அப்படியானால் “திட்டம் பராமரிக்கும் பதிப்புகளுக்கு மட்டும் சப்போர்ட், பதிப்பு காலாவதி ஆவதற்குள் மேம்படுத்திக்கொள்ள வேண்டும்” என்று ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பத்து ஆண்டுப் பழைய சர்வர் ஒன்று உங்கள் தலையில் விடியும்.

மற்றவை சட்டென்று முடிபவை. யார் போன் செய்யலாம் என்று ஒருவரையோ இருவரையோ குறிப்பிடுங்கள், அலுவலகம் முழுக்க உங்கள் எண்ணை வைத்திருந்தால் பிரிண்டர் காகிதம் சிக்கியதற்கும் நீங்கள்தான். விடுமுறை நாள், இரவு நேரம் உண்டா இல்லையா என்று எழுதுங்கள். இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், வழக்கமாக அந்த ஆண்டுக் கட்டணத்தை மீறாத அளவுக்கு. உரிமம் “உத்தரவாதம் இல்லை” என்று சொல்வது நிரல் எழுதியவரைத்தான் காக்கிறது. காசு வாங்கி வாக்குக் கொடுத்த உங்களை அது காக்காது. இந்த இடத்தில் ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுவது வீண் செலவு இல்லை.

வாக்குறுதிக்குத்தான் விலை என்பதற்கு என்னிடம் உள்ள மிக அழகான உதாரணம் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தள நிரல். அது பொதுச்சொத்தாக விடப்பட்ட நிரல், உரிமம் என்ற ஒன்றே தேவையில்லை, யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். சில நிறுவனங்களின் வழக்கறிஞர்களுக்கு அது உறுத்தியது. உரிமமே இல்லாததை எப்படிப் பயன்படுத்துவது? அவர்களுக்காக அந்தக் குழு 6,000 டாலருக்கு உரிமைச் சான்று ஒன்றை விற்கிறது. அந்தத் தாள் இல்லாமலும் நிரல் அதேதான், ஒரு எழுத்துக்கூட மாறாது. விற்பது மன நிம்மதியை. அதே குழு ஆண்டுக் கட்டணத்துக்கு சப்போர்ட்டும் விற்கிறது. 2050 வரை பராமரிக்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறது, விமானத் துறை போன்ற நீண்ட ஆயுள் துறைகளுக்கு இப்படி ஒரு உறுதி முக்கியம்.

மென்பொருளை எழுதியவரே சப்போர்ட் விற்பதானால் வேறு விதமான சங்கடம் வருகிறது. உங்களுக்கு இது இப்போது பொருந்தாது, ஒருநாள் சொந்தமாக ஏதாவது எழுதினால் உதவும். கையேடு மோசமாக இருந்தால் சப்போர்ட் நன்றாக விற்கும். நிறுவுவது கஷ்டமாக இருந்தால் நிறுவித் தருபவருக்கு வேலை வரும். இந்தச் சபலத்துக்கு இடம் கொடுத்த திட்டங்கள் உண்டு, பெயர் வேண்டாம். பயனர்கள் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள், விட்டுப் போய்விடுவார்கள், அல்லது ஒருவர் நிரலைப் பிரித்தெடுத்து நல்ல கையேட்டோடு வேறு பெயரில் வெளியிட்டுவிடுவார். என் பரிந்துரை: பொதுவில் கேட்ட கேள்விக்குப் பொதுவில் பதில், அது சும்மா, முடிந்தபோது. தனியாக, குறித்த நேரத்துக்குள், என் நிலைமையைப் பார்த்துச் சொல் என்றால் கட்டணம். இந்தக் கோட்டை உங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். பணம் வாங்க ஆரம்பித்துவிட்டோம் என்று பொதுவில் பதில் சொல்வதை நிறுத்திவிடாதீர்கள், உங்களைத் தேடி வரும் வாடிக்கையாளர்களில் பலர் அந்தப் பதில்களைப் படித்துத்தான் வருவார்கள்.

இதை வைத்துப் பெரிய நிறுவனம் கட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ரெட் ஹேட் 2012-இல் முடிந்த நிதியாண்டில் நூறு கோடி டாலர் வருவாயைத் தாண்டியது, 2019-இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அதைக் காட்டி எல்லோரும் கனவு காண்கிறார்கள். ஆனால் ரெட் ஹேட்டின் பணம் போனில் பதில் சொன்னதற்கு வந்தது இல்லை. சோதித்து, சான்று பெற்று, பத்து ஆண்டு திருத்தங்களோடு வரும் பதிப்புக்கான சந்தாவுக்கு வந்தது. அந்த மதிப்பைக் காப்பாற்ற அது எவ்வளவு தூரம் போனது என்பதையும் பாருங்கள். அதே நிரலிலிருந்து இலவசமாகக் கட்டப்பட்ட சென்ட்ஓஎஸ் லினக்ஸை நிறுத்தப்போவதாக 2020 டிசம்பரில் அறிவித்தது. ராக்கி, அல்மா என்று மாற்றுகள் கிளம்பின. 2023 ஜூனில் நிறுவனப் பதிப்பின் மூலநிரலைப் பொதுத்தளத்தில் வைப்பதை நிறுத்தி, வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. உரிமத்தை மீறவில்லை என்பது அதன் வாதம், உரிமத்தின் ஆன்மாவுக்கு விரோதம் என்பது எதிர்த்தவர்கள் வாதம். எனக்கு எதிர்த்தவர்கள் பக்கம்தான் சாய்வு. எப்படியானாலும், மனித நேரத்தை விற்கும் தொழில் ஆள் எண்ணிக்கையோடுதான் வளரும். இரண்டு மூன்று பேர் கௌரவமாகப் பிழைக்க அது போதும். முதலீட்டாளர்களுக்குப் போதாது, அதனால்தான் முன்னே சொன்ன உரிம மாற்றங்கள் எல்லாம்.

வாடிக்கையாளர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால் ஒரு புதிய சட்டத்தைக் கவனிக்க வேண்டும். இணையப் பாதுகாப்பு தொடர்பான சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து பொருந்தும். வணிக நோக்கில்லாமல் வெளியிடப்படும் திறந்த மூல மென்பொருளை அது விட்டுவிடுகிறது. எது வணிகச் செயல்பாடு என்று விளக்கும் முன்னுரைப் பத்தியில், உண்மையான செலவை ஈடுகட்டுவதைத் தாண்டி சப்போர்ட்டுக்குக் கட்டணம் வாங்குவதும் ஓர் அடையாளமாக இருக்கலாம் என்கிறது. இது முதன்மையாக மென்பொருளைத் தன் பெயரில் சந்தைக்கு விடுபவருக்கான கவலை. வேறொருவரின் மென்பொருளை நிறுவிப் பார்த்துக்கொள்பவருக்கு அவ்வளவு இல்லை. நீங்களே மாற்றிக் கட்டிய பதிப்பைச் சொந்தப் பெயரில் கொடுக்க ஆரம்பித்தால் கதை மாறலாம்.

கடைசியாக, இதுவரை சும்மா செய்து கொடுத்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்பது. போனில் தயங்கித் தயங்கிக் கேட்காதீர்கள். எழுதி அனுப்புங்கள், இரண்டு மாத அவகாசம் கொடுங்கள். இந்த அளவு போதும்:

“இதுவரை உங்கள் அமைப்பை நான் ஒப்பந்தம் இல்லாமல் பார்த்து வந்தேன். வரும் காலாண்டு முதல் பராமரிப்பை மாதக் கட்டணத்தில் செய்ய இருக்கிறேன். அதில் என்னென்ன அடங்கும் என்பது இணைப்பில் உள்ளது. மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை, ஒப்பந்தம் வேண்டாம் என்றாலும் அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். அப்படியானால் நீங்களோ வேறொருவரோ பார்த்துக்கொள்ளத் தேவையான எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுகிறேன்.”

பழைய தயவுகளை அதில் பட்டியல் போடாதீர்கள். சிலர் கோபப்படுவார்கள், சிலர் பேரம் பேசுவார்கள், சிலர் “இதை எப்போதோ கேட்டிருக்கலாமே” என்பார்கள். போகிறவர்களிடம் கடவுச்சொற்கள், எந்தப் பதிப்பு எங்கே நிறுவப்பட்டிருக்கிறது, பேக்கப் எங்கே போகிறது, அதை மீட்பது எப்படி, மூலத் திட்டத்தின் உதவிப் பக்கம் எது என்று ஒரு தாளில் எழுதிக் கையோடு கொடுத்துவிடுங்கள். அந்தத் தாளுக்குக் கட்டணம் போடாதீர்கள்.